ஊடு ஆர்ர பேருல

எனக்கு 'ஸபூர் செய்ங்க' எண்டு சொல்ற ஆக்களக் கண்டா இப்பவும் ஒடம்பு எரியும். கடல் வந்து போன கிழமையில இதச் சொல்லாத மனிசன் இல்ல. பொறுமையா இரிங்க காக்கா, அல்லாஹ்ட நாட்டம் காக்கா, ஸபூர் செய்ங்க காக்கா. சொன்னவனுக்கெல்லாம் ஊடு இரிந்திச்சி, பொஞ்சாதி இரிந்தா. சோத்தத் திண்டுட்டு பல்லக் குத்திக்கிட்டு வந்து எனக்கு ஸபூர் சொல்லித் தந்தானுகள். ஒருத்தனுக்கு அடிச்சும் போட்டன், பள்ளிவாசல்ல கை கால் கழுவுற ஹவுளடியில வெச்சி. அவன் எனக்கு ஒரு வழியில மச்சான் முறை. அதுக்கு இப்ப கவலையா எண்டு கேட்டா, இல்ல. பொய் சொல்ல ஏலா.

முகாமுக்கு இன்னொரு கூட்டமும் வந்திச்சி. கொழும்பு ஆக்கள். எங்கள பள்ளிக்கூட மண்டபத்தில வட்டமா இரித்தி, ஒரு சின்ன வயசுப் புள்ள முன்னுக்கு நிண்டு கதைச்சா.

"கண்ண மூடுங்க ஐயா. மூச்ச நல்லா இழுங்க. மெதுவா விடுங்க."

"இழுத்துட்டுத்தானே இரிக்கன் மகள். இழுக்காட்டி என்னையும் மத்தவங்களோட சேத்துப் பொதைச்சிருப்பானுகளே."

பக்கத்தில இரிந்தவனுகள் சிரிச்சானுகள். கடல் வந்ததுக்குப் புறகு அந்த மண்டபத்தில கேட்ட முதல் சிரிப்பு அதுதான் எண்டு நினைக்கன். அந்தப் புள்ள பெரிய தாளொண்டில கோவம் எண்டு எழுதி, அதச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, வட்டத்தில இரிந்து நாலு பக்கமும் கோடு இழுத்தா. கோவத்துக்குக் காலு கையெல்லாம் இரிக்கா மகள் எண்டு கேட்டுட்டு நான் ஒழும்பி வெளிய வந்துட்டன். அந்தப் புள்ளயில பிழை இல்ல. பொதைச்ச மண்ணு காயிறத்துக்கு முந்தி அவளத் தாளோட அனுப்பினவனுகள்ல பிழை.

கோவத்தப் பத்தி நான் படிச்சது இன்னொரு இடத்தில. அதச் சொல்றத்துக்கு முந்தி ஊட்டுக் கதையச் சொல்லோணும்.

நான் மேசன். கல்முனைக்குடியில இரிந்து நற்பிட்டிமுனை வரைக்கும் நான் கட்டின சுவர் எத்தினயோ நிக்கிது. என்ட பேர எழுதுவன், அதுக்கு மேல எனக்கு எழுத்து வராது. எங்கட ஊர்ல பொம்புளப் புள்ள பொறந்தா தகப்பன் ஊட்டுக்கு அத்திவாரம் தேடத் தொடங்கிருவான். ஊடு புள்ளைக்கு. மாப்பிள தன்ட உம்மாட ஊட்ட உட்டுட்டு பொஞ்சாதிர ஊட்டுக்கு வருவார். புள்ளயப் பெத்தவங்க பின்னுக்கு குசினிச் சுவரோட சாச்சி ஒரு பத்திய இறக்கிக்கிட்டு அங்க போயிருவாங்க. ஊடு பொம்புளைட பேருல இரிந்தாத்தான் அவளுக்கு ஒரு நிலம் எண்டு இரிக்கும். நாளைக்கு மாப்பிளைக்கு மனசு மாறினா அவர்தான் ஊட்ட உட்டு இறங்கோணும், அவள் இறங்கத் தேவல்ல. ஆர் இத முதல்ல யோசிச்சானோ, நல்லா யோசிச்சிருக்கான். தமிழாக்களுக்கும் இஞ்ச இதே வழக்கம்தான்.

எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஏழு வயசில அத்திவாரம் வெட்டினன். மத்தவனுக்குக் கட்டிட்டு வந்து பொழுது பட முந்தி ரெண்டு வரி கல்லு வெப்பன். சில மாசம் ஒரு வரியும் இல்ல. பத்து வருசத்துக்கு மேல போச்சி. கடற்கரையில இரிந்து ரெண்டாம் ஒழுங்கை. மண்ணு சரியிற மண்ணு, அதனால ஆழமா வெட்டினன். பொஞ்சாதி கேட்டா, ஊடு கட்டுறீங்களா கிணறு வெட்டுறீங்களா எண்டு.

மருமகன் தையல்காரர். சாய்ந்தமருதுப் பக்கம். கல்முனைச் சந்தைக்குள்ள ஒரு மெசினோட தொடங்கி மறுகா ரெண்டு மெசின் வெச்சார். மெல்லிய ஆள். கதைக்க மாட்டார். ஏதும் கேட்டா 'ஓம் மாமா', இல்லாட்டி 'சரி மாமா'. எனக்கு அது புடிக்கல்ல. கோவப்படாத மனிசன நான் நம்புறல்ல. கோவப்படுறவன்ட உள்ளுக்க என்ன இரிக்கெண்டு வெளிய தெரியும். சிரிச்சிக்கிட்டு 'சரி மாமா' எண்டு சொல்றவன் உள்ளுக்க என்ன தைக்கிறான் எண்டு ஆருக்குத் தெரியும்? இப்பிடித்தான் நான் நினைச்சன். பொஞ்சாதி ஒருநாள் சொன்னா, "மருமகன் உங்கட முகத்தக் கண்டா சோத்தக் குறைச்சித்தான் போடுறார்." நான் அத மரியாதை எண்டு எடுத்தன். சந்தோசமும் பட்டன்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில நான் நற்பிட்டிமுனையில சாந்து பூசிக்கிட்டு நிண்டன். மகளும் மருமகனும் சம்மாந்துறைக்கு ஒரு கலியாண ஊட்டுக்குப் போயிருந்தாங்க. ஊட்டுல பொஞ்சாதி மட்டும். மூணாம் நாள் வயல் பக்கத்தில கண்டெடுத்தம். அதுக்கு மேல அதப் பத்தி நான் கதைக்கிறல்ல.

ஊடு போய்த்து. அத்திவாரம் மட்டும் நிண்டிச்சி, ஒரு கல்லும் அசையல்ல. அதப் பாத்து எனக்குள்ள ஒரு கெட்ட பெருமை வந்திச்சி, பாத்தீங்களா நான் வெட்டின ஆழத்த எண்டு. பொஞ்சாதிய அடக்கிட்டு வந்து அஞ்சாம் நாள் அந்தப் பெருமை. மனிசன் எண்டா எவ்வளவு அழுக்கு.

மறுகா கடலுக்குக் கிட்டக் கட்டேலா எண்டு சட்டம் போட்டானுகள். உள்ளுக்கு, வயல நிரப்பி, ஊடு கட்டித் தாறம் எண்டானுகள். அதுக்கு ஃபோம் நிரப்போணும். முதல் கூடாரம், மறுகா பலகைக் கொட்டில். வெயிலுக்க கொட்டிலுக்குள்ள இரிக்கேலா, மழையில வெளிய இரிக்கேலா.

ஃபோம் நிரப்புற நாள் நான் என்னோட மரவேலை செய்ற ஓடாவியாரக் கூட்டிட்டுப் போனன். அவர் தமிழாள், பாண்டிருப்பு. பொறந்தது விநாயகபுரம், கலியாணம் கட்டின இடம் பாண்டிருப்பு. நான் சுவர் வெச்சா அவர் கூரை மரம் ஏத்துவார், முப்பது வருசம் அப்பிடி. சண்டைக் காலத்தில சில வருசம் அவர் எங்கட பக்கம் வரேலா, நான் அவர்ர பக்கம் போகேலா. அப்பவும் பஸ் டிப்போவடியில கண்டா தேத்தண்ணி குடிப்பம். அவருக்கு எழுத்துத் தெரியும். என்ட ஃபோம அவர்தான் எழுதினார். அண்டைக்கு ஒரே சனம், வெயில், மகள் வயித்தில புள்ளையோட நிண்டா. நான் ஆரோடயோ சத்தம் போட்டன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

ஊடு கிடைக்கச் சில வருசம் போச்சி. கட்டினவன் ஒழுங்காக் கட்டல்ல, வாசல்ல மழைத்தண்ணி நிக்கிற மாதிரி நிலத்த மட்டம் பாத்திருந்தான். என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன், ஆரு கேக்கிற? எண்டாலும் ஊடு. நானும் அவங்களோட இரிந்தன். பின்னுக்கு ஒரு பத்திய இறக்கிக்கிட்டன். பேரப்புள்ளைகள் ரெண்டு பொறந்திச்சி. ஊட்டுக்கான கடுதாசி மட்டும் வரல்ல. வரும் வரும் எண்டானுகள்.

அது வந்தது சண்டை முடிஞ்ச கிழமை.

வடக்கில சண்டை முடிஞ்சித்து எண்டு றேடியோவில சொல்லி, ரோட்டில பட்டாசு வெடிச்சி, சில இடத்தில பாற்சோறு குடுத்தானுகள். கடைகளுக்குக் கொடி கட்டச் சொல்லியிருந்தானுகள். மகள் கடுதாசிய வாசிச்சிட்டு மடிச்சி அலுமாரிக்குள்ள வெச்சா. நான் அத எடுத்துக்கிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனன். எல்லாருக்கும் காட்ட. அங்க முந்தி கந்தோரில வேலை செஞ்ச ஒருத்தன் வாங்குப் பலகையில இரிந்தான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிச்சான்.

"காக்கா, இதுல மருமகன்ட பேர்தானே கிடக்கு."

"மகள்ர பேர் எங்க?"

"மகள்ர பேர் இல்ல. மாப்பிளைக்குத்தான் ஊடு. ஊட்டையும் குடுத்து புள்ளயையும் குடுத்துட்டீங்க போல. உங்களப் போல தாராளக்காரன் கல்முனையில இல்ல காக்கா!"

வாங்கில இரிந்த எல்லாரும் சிரிச்சானுகள். சந்தியில பட்டாசு வெடிக்கிது. எனக்குக் காதுக்குள்ள ஒண்ணும் கேக்கல்ல.

சந்தைக்கு நடந்தன். மருமகன் மெசினில பள்ளிக்கூடச் சட்டை தைச்சிக்கிட்டு இரிந்தார். மூணு நாலு பேர் உடுப்பு வாங்க நிண்டாங்க, அதில ஒருத்தி கைப்புள்ளையோட. என்னக் கண்டதும் ஒழும்பினார்.

"வாங்க மாமா. பிளேன்டி சொல்லவா?"

எங்கட ஊர்ல மருமகனுக்கு 'நீங்க' எண்டுதான் கதைக்கிற. கலியாணத்தண்டையில இரிந்து மௌத்து வரைக்கும் அப்பிடித்தான். அவன் எவ்வளவு கெட்டவனா இரிந்தாலும் பொஞ்சாதிர தகப்பன் 'நீ' எண்டு சொல்லமாட்டான். நான் சொன்னன்.

"நீ களவெடுத்த ஊட்டுக்கு எனக்கு பிளேன்டியா?"

அவர் மெசின்ட சில்லக் கையால புடிச்சி நிப்பாட்டினார்.

"மாமா, ஊட்ட போய்க் கதைப்பம்."

"எந்த ஊட்ட? உன்ட ஊட்டயா? பொஞ்சாதிர ஊட்ட தன்ட பேருல எழுதினவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான். நாளைக்கு அவளத் தள்ளிட்டு இன்னொருத்தியக் கொண்டு வைக்கவா எழுதின?"

இன்னமும் சொன்னன். எல்லாத்தையும் இஞ்ச சொல்லேலா. கைப்புள்ள அழத் தொடங்கிச்சி. அவர் தலையக் குனிஞ்சி, தைச்ச சட்டையில தொங்கின நூலப் புடுங்கிக்கிட்டே நிண்டார். அதப் பாத்து எனக்கு இன்னும் கோவம் வந்திச்சி. களவெடுத்தவன்தானே கதைக்காம நிப்பான்.

அண்டைக்குப் பொழுது பட்டு மஃரிபுக்கும் அவர் ஊட்ட வரல்ல. அடுத்த நாளும் வரல்ல. சாய்ந்தமருதுக்கு உம்மாட ஊட்டுக்குப் போய்ட்டார் எண்டு தெரிய வந்திச்சி. எங்கட வழக்கத்தில மாப்பிள தன்ட உடுப்ப எடுத்துட்டு உம்மாட ஊட்டுக்குத் திரும்பிப் போனா, அது சின்ன விசயம் இல்ல. ரெண்டு கிழமைக்கு மேல போனா ஊரு கதைக்கத் தொடங்கும். அதுக்கு மேல போனா பள்ளிவாசல்ல கதை வரும். மகளுக்கு ரெண்டு புள்ளைகள், சின்னதுக்கு ரெண்டு வயசும் இல்ல. அவள் சண்டை புடிக்கல்ல. அரிசி புடைச்சிக்கிட்டு ஒண்டுதான் சொன்னா.

"கேட்டுட்டு ஏசியிருக்கலாமே வாப்பா."

கேக்கிறத்துக்கு என்ன இரிக்கு? கடுதாசி கையில இரிக்கு. எண்டாலும் ஊருக்குக் காட்ட எனக்கு ஒரு சாட்சி வேணும் எண்டு நினைச்சன். ஃபோம எழுதினவர் ஓடாவியார். நான் என்ன சொன்னன், இந்தக் கள்ளன் எப்பிடி மாத்தினான் எண்டு அவர் வந்து சொல்லட்டும். காலையிலயே சைக்கிள மிதிச்சிப் பாண்டிருப்புக்குப் போனன்.

ஓடாவியார் ஊட்டு முத்தத்தில ஒரு மரக்குத்தியில இரிந்தார். முகத்தில நாலு நாள் தாடி. உள்ளுக்கு அவர்ர பொஞ்சாதி றேடியோவுக்குக் கிட்ட நிலத்தில கிடந்தா. எனக்கு அது ஒண்டும் கண்ணுல படல்ல. நான் சைக்கிள்ல இரிந்து இறங்கவும் முந்தியே தொடங்கிட்டன். ஓடாவியார், அந்தத் தையல்காரன் செஞ்ச வேலையப் பாத்தீங்களா, நீங்க எழுதின ஃபோம் உங்களுக்கு ஞாபகம் இரிக்குத்தானே, பள்ளிவாசல்ல வந்து சொல்லோணும், கந்தோருக்கும் வரோணும். அவர் கேட்டுக்கிட்டே இரிந்தார். கனநேரம் கேட்டார்.

"முடிஞ்சிதா?" எண்டார்.

"என்ன முடிஞ்சிதா?"

"காக்கா, இது என்ன கிழமை எண்டு தெரியுமா உனக்கு?"

அவர் என்ன 'நீ' எண்டு சொல்றல்ல. முப்பது வருசமா 'நீங்க'.

"என்ட புள்ளய இயக்கம் கொண்டு போய் எத்தின வருசம்? கடைசியா வன்னியில நிக்கிறான் எண்டு சொன்னாங்க. இப்ப அங்க எல்லாம் முடிஞ்சித்தாம். ரோட்டில பட்டாசு வெடிக்கிறானுகள். அவன் உசிரோட இரிக்கானா, இல்லையா, முகாமில இரிக்கானா, ஒண்டும் தெரியாது. அவள் நாலு நாளா ஒரு பிடி சோறு திங்கல்ல. நீ வாறாய். வந்து, ஊடு ஆர்ர பேருல எண்டு கேக்காய்."

நான் சைக்கிளப் புடிச்சபடி நிண்டன். அந்தப் புள்ளய எனக்குத் தெரியும். சின்ன வயசில தகப்பனோட வேலைக்கு வந்து என்ட சாந்துக்குள்ள கால வெச்சி ஏச்சு வாங்கினவன்.

"இன்னொண்டும் கேட்டுட்டுப் போ," எண்டார். "அந்தப் பேரச் சொன்னது மருமகன் இல்ல. நீ."

"நானா?"

"நீதான். மேசையில இரிந்த புள்ள உன்ட மகளிட்ட காணி ஆர்ர பேருல இரிந்த எண்டு கேட்டா. அவ உம்மாட பேரச் சொல்லி, இப்ப எனக்கு எண்டு சொல்ல வந்தா. மேசையில இரிந்தவ உறுதிக் கடுதாசி இரிக்கா, இல்லையா, ஏன் இல்ல எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டா. மகளுக்குக் காலு வீங்கி இரிந்திச்சி. உனக்குப் பேய் புடிச்சிது. மேசையில அடிச்சாய். ஆம்பிள நிக்கக்குள்ள பொம்புளய ஏன் வெயில்ல வெச்சிக் கேள்வி கேக்காய், இந்தா நிக்கிறார் மருமகன், இவர்ர பேர எழுதிட்டு புள்ளய இரிக்க உடு எண்டாய். மருமகன் சொன்னார், மாமா, ஊடு அவட பேருல இரிக்கட்டும் எண்டு. நீ அவரப் பாத்து, வாயப் பொத்து எண்டாய். அவ்வளவு சனத்துக்கு முன்னால. அவர் பொத்தினார். நான் எழுதினன். எனக்கும் உன்னப் பயம்தான் அண்டைக்கு."

அவர் ஒழும்பி உள்ளுக்குப் போய்ட்டார். கதவச் சாத்தல்ல. அதுக்காக நான் உள்ளுக்குப் போகேலா.

திரும்பி வரக்குள்ள கடற்கரை ரோட்டால சைக்கிளத் தள்ளிக்கிட்டு நடந்தன். மிதிக்க ஏலாமப் போச்சி. முதல்ல எனக்கு ஓடாவியார்ல கோவம், அவர் எழுதாம உட்டிருக்கலாம் எண்டு. மறுகா மேசையில இரிந்த அந்தப் புள்ளயில. மறுகா கடல்ல. மறுகா, மௌத்தானவள்ள கூட. அவள் இரிந்திருந்தா இதுகள அவளே சொல்லி நிரப்பியிருப்பாளே எண்டு. எல்லாரும் முடிஞ்சாப் புறகு என்னில வந்திச்சி. என்னில வந்தது நல்லா இரிந்திச்சி. அது ஒரு சொகமான கோவம். நான் பாவி, நான் கெட்டவன் எண்டு ஏசிக்கிட்டு நடக்கக்குள்ள மத்தவங்கட முகம் ஒண்டும் கண்ணுக்குள்ள வராது. அது எனக்குக் கொஞ்ச தூரம் போனாப் புறகுதான் விளங்கிச்சி. அந்தக் கோவத்துக்குள்ளயும் நான் மட்டும்தான் இரிக்கன். ஓடாவியார்ர புள்ள இல்ல, மகள் இல்ல, மருமகன் இல்ல.

வேலைத்தலத்தில கோவம் வந்தா, சுவர் நேரா எண்டு பாக்கிற தூக்குக்குண்ட நான் தொடுறல்ல. கை ஆடினா குண்டு ஆடும், குண்டு ஆடினா சுவர் சரியும். குண்டு அசையாம நிக்கும் வரைக்கும் மூச்சையும் புடிச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிப்பன். அப்பிடி எத்தின மணித்தியாலம் நிண்டிருப்பன். செங்கல்லுக்குக் காட்டின அந்த மரியாதைய நான் ஒரு மனிசருக்கும் காட்டல்ல.

அண்டைக்குப் பின்னேரம் அஸரத் தொழுதுட்டு சந்தைக்குப் போனன். மருமகன் கடையிலதான் நிண்டார். என்னக் கண்டதும் முகம் மாறிச்சி. ஒரு அடி பின்னுக்கு வெச்சார், பின்னுக்குச் சுவர். அண்டைக்குத்தான் நான் அதக் கவனிச்சன். ஒரு ஆம்பிள, ரெண்டு புள்ளைட வாப்பா, என்னக் கண்டு சுவரோட ஒட்டுறார்.

"ஃபோமில பேரச் சொன்னது நான்தானாம். ஓடாவியார் சொல்றார். மெய்யா?"

"ஓம் மாமா."

"முந்தநாள் நான் அவ்வளவு ஏசக்குள்ள ஏன் நீங்க அதச் சொல்லல்ல?"

அவர் கையில இரிந்த கத்திரிக்கோல மேசையில போட்டார். போட்டார் எண்டா எறிஞ்சார். உடுப்பு வாங்க வந்த ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க.

"சொல்லியிருந்தா?" எண்டார். குரல் உடைஞ்சி வந்திச்சி. "சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா? இத்தின வருசத்தில நான் சொன்ன ஒரு கதையக் கேட்டிருக்கீங்களா மாமா? உங்கட ஊட்டுல நான் வயிறு நிறையச் சோறு திண்டதில்ல. தெரியுமா உங்களுக்கு? நீங்க படலையடியில இருமினா புள்ளைகள் விளையாட்ட நிப்பாட்டிருதுகள். தெரியுமா? கலியாணம் முடிச்சி வந்த முதல் மாசம் மாமி கதவுக்கு அங்கால நிண்டு எனக்குச் சொன்னா, மகன், அவருக்கு முன்னால வாயத் திறக்காதீங்க, நான் திறந்து பட்டது காணும் எண்டு."

அந்த வார்த்தை வந்து என்ட நெஞ்சில இரிந்திச்சி. இப்பவும் அங்கதான் இரிக்கு.

எனக்குக் கோவம் வந்திச்சி. ஆயிரம் தரம் வந்த அதே கோவம், வயித்தில தொடங்கி கழுத்துக்கு ஏறி. மௌத்தானவள்ர கதைய சந்தையில இழுக்கிறியா எண்டு வாய் வரைக்கும் வந்திச்சி. அது ஏறுறது எனக்குத் தெரிஞ்சிது. எழுபது வயசுக்குக் கிட்டத்தான் முதல் முதல் அது ஏறக்குள்ளயே கண்டன். கத்திரிக்கோல எறிஞ்சவர் திரும்பியும் சுவரோட ஒட்டிக்கிட்டார். அதப் பாத்துக்கிட்டு நிண்டன். நான் என்ட ஊட்டுல அமைதி எண்டு நினைச்சதெல்லாம் பயம். 'சரி மாமா' பயம். குறைச்சிப் போட்ட சோறு பயம். என்ட பொஞ்சாதி முப்பத்தஞ்சி வருசம் என்னோட சண்டை புடிக்கல்ல எண்டு நான் ஊருக்குப் பெருமை அடிச்சனே, அதும்.

"இன்னும் இரிந்தா சொல்லுங்க," எண்டன்.

"இரிக்கு," எண்டார். "நீங்க அந்த ஊட்டுல இரிக்கிற வரைக்கும் நான் வர மாட்டன். ஊட்ட அவட பேருக்கு நானே மாத்திக் குடுப்பன். ஊடு எனக்கு வேணாம். ஆனா உங்களோட ஒரு கூரைக்குக் கீழ எனக்கு ஏலா மாமா. ஏலா."

சொல்லிட்டு முகத்த லேஞ்சியால துடைச்சிக்கிட்டு அங்கால திரும்பிட்டார்.

நான் ஊட்ட போய் என்ட சாரன் ரெண்டையும் சாமான் பையையும் எடுத்தன். மகள் வாசல்ல குறுக்க நிண்டா.

"எங்க போறீங்க வாப்பா? ஊரு என்ன சொல்லும்? மகள் துரத்திட்டாள் எண்டுதானே சொல்லும்? என்னில கோவமா?"

"உன்னில இல்ல மகள். உன்ட புரிசன் ஊட்ட வரட்டும்."

"ரெண்டு பேரும் இரிக்கேலாதா?"

"ஏலாதாம். அவர் சொல்றது சரி."

அவள் அழுதா. அதப் பாத்தும் எனக்குக் கோவம்தான் வந்திச்சி, ஏன் அழுறாய் எண்டு. வாயத் திறக்காம வெளிய வந்தன். நற்பிட்டிமுனையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்ட கல்லு அரியிற வாடி இரிக்கு. சீமந்துக் கல்லு. அங்க ஒரு அறை, ஒரு கட்டில். காவலுக்கும் ஆச்சி, எனக்கும் ஆச்சி.

ஊர் வாய எனக்குத் தெரியும். அதுக்காக அடுத்த நாள் காலையில தேத்தண்ணிக் கடைக்குப் போனன். கண்ணாடிக்காரன் அதே வாங்கில.

"என்ன காக்கா, மாப்பிள கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளிட்டாராம்?"

"தள்ளல்ல. நானாத்தான் வந்தன். ஃபோமில அவர்ர பேரச் சொன்னவன் நான். அத மறந்துட்டு அவரக் கள்ளன் எண்டு சந்தையில வெச்சி ஏசினவனும் நான். கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? இனி அந்தப் புள்ளயப் பத்தி ஒருத்தன் வாய் திறந்தான் எண்டா இந்தத் தேத்தண்ணிய அவன்ட தலையில ஊத்துவன்."

பொறுமையாச் சொல்லியிருக்கலாம்தான். எனக்கு அப்பிடித்தான் வந்திச்சி.

மருமகன் அந்த வெள்ளிக்கிழமை ஊட்ட போய்ட்டார். பேர் இன்னும் மாறல்ல. கந்தோரில அந்தக் கடிதம் கொண்டா, இந்தக் கடிதம் கொண்டா எண்டு அலைக்கழிக்கிறானுகள். ரெண்டு பேரும் கடையப் பூட்டிட்டு அங்க போய் நிக்கிற நாளுகள் எத்தின. நான் அந்தக் கந்தோருக்குப் போறல்ல. நான் போனா அடி விழும், பேரும் மாறாது.

பாண்டிருப்புக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் போவன். போய் முத்தத்தில இரிப்பன். முதல் ரெண்டு மாசம் ஓடாவியார் கதைக்கல்ல, நானும் கதைக்கல்ல. அவர்ர பொஞ்சாதி ஒருநாள் தேத்தண்ணி கொண்டு வந்து வெச்சா. அந்தப் புள்ள இன்னும் வரல்ல. ஃபோட்டோவ எடுத்துக்கிட்டு எந்தெந்தக் கந்தோருக்கெல்லாமோ போறாங்க. ஸபூர் செய்ங்க எண்டு நான் ஒருக்காலும் சொல்லல்ல.

மகள்ர ஊட்டுக்கு இப்ப நான் விருந்தாளி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறகு போவன். வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லி, உள்ளுக்கிரிந்து பதில் வந்தாப் புறகுதான் கால வெப்பன். முதல் சில வெள்ளிக்கிழமை மகள்தான் பதில் சொன்னா. மருமகன் ஒதுங்கிருவார். ஒரு மாரி காலத்தில ஒருநாள் போனன், வாசல்ல அந்த மட்டம் பிழைச்ச இடத்தில தண்ணி நிக்கிது, காலெல்லாம் சேறு. ஸலாம் சொன்னன். உள்ளுக்கிரிந்து மருமகன்ட குரல் பதில் சொல்லிச்சி. அதோட நிப்பாட்டல்ல.

"செருப்பக் கழட்டிட்டு காலக் கழுவிட்டு வாங்க மாமா. இப்பதான் நிலத்தத் தொடச்ச."

என்ட மூஞ்சிக்கு நேர ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்ல. கோவம் வந்திச்சி. உள்ளுக்க புள்ளைகள் விளையாடுற சத்தம் கேட்டுக்கிட்டே இரிந்திச்சி, நிக்கல்ல. செருப்பக் கழட்டினன். வாளியில தண்ணி இரிந்திச்சி. காலக் கழுவிட்டு உள்ளுக்குப் போனன்.